பதிவேட்டில் எப்போதும் நாலரை கிலோ

"பாய், நம்ம கம்பெனி மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும். டிஜிட்டலுக்கு எப்படி மாறினோம்னு" என்று நிவேதா போன் செய்தபோது, நான் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முழுசா எழுதவா, பாதி எழுதவா?" என்று கேட்டேன். "முழுசா எழுதுங்க. மத்தவங்க எல்லாரும் பாதியைத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள். மலரில் இது வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். வந்து ஏதாவது வம்பானால் கேட்டவள் அவள்தான் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை திருவொற்றியூரில், கடல் காற்று நேராக வந்து இரும்பைத் தின்கிற இடத்தில் இருக்கிறது. கப்பல் வந்து துறைமுகச் சுவரில் அணையும்போது இரண்டுக்கும் அடிபடாமல் நடுவில் தாங்குவதற்குப் பெரிய பெரிய ரப்பர் கட்டைகள் பொருத்தியிருப்பார்கள். ஃபெண்டர் என்பார்கள். அதைத்தான் நாங்கள் செய்கிறோம். கறுப்பு ரப்பர் மாவை அச்சில் அடைத்து, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, நீராவிச் சூட்டில் ஆறு மணி நேரம் வேக வைக்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது. எங்கள் ஷெட்டில் 'வேகுறது' என்றுதான் சொல்வோம்.

டிப்ளமா முடித்துவிட்டுத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் ரப்பரைப் பற்றிக் கற்றது ஒரு பங்கு என்றால், பதிவேட்டைப் பற்றிக் கற்றது மூன்று பங்கு. பதிவேடு என்பது பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு. மணிக்கு ஒரு தடவை பிரஸ்ஸுக்குப் போய், நீராவி அழுத்தம் எத்தனை கிலோ என்று மீட்டரைப் பார்த்து எழுதி, ஆபரேட்டர் பெயரைப் போட்டு, பக்கத்தில் நான் கையெழுத்திட வேண்டும். இருக்க வேண்டியது நாலரை கிலோ.

சேர்ந்த புதிதில் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். மூன்றே கால் என்று ஒருநாள் எழுதிவிட்டேன். பீஸ் அருமையாக வந்திருந்தது. ஆனால் வாங்க வந்த அதிகாரி பீஸைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தார். மூன்றே கால் என்று படித்ததும் வேண்டாம் என்று போய்விட்டார். அன்றிலிருந்து நான் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஷிப்ட் காலை ஏழு மணிக்கு. ஏழரைக்கெல்லாம் மாலை மூன்று மணி வரைக்குமான ரீடிங்கை எழுதி முடித்துவிடுவேன். சும்மா நாலரை நாலரை என்று எழுதுகிற சோம்பேறி அல்ல நான். நாலரை, நாலு புள்ளி நாலு, நாலரை, நாலு புள்ளி ஆறு என்று ஏற்றி இறக்கி எழுதுவேன். இரண்டு பேனா வைத்திருந்தேன். மதியத்துக்கு மேல் எழுத்து கொஞ்சம் களைத்த மாதிரி சாயும். வாரத்துக்கு ஒரு பக்கத்தில் டீ கிளாஸை வைத்து ஒரு வட்டம் போடுவேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்து, வேலைத் தளத்திலேயே உட்கார்ந்து எழுதிய உண்மையான பதிவேடு என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்படியே முப்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது, ரேவதி மேடம் எல்லாரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார். மேடம்தான் ஆலைத் தலைவர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கெமிக்கல் இன்ஜினியர். கையில் எப்போதும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பச்சை ரப்பர் உருண்டை இருக்கும். யார் என்ன பேசினாலும் அதைப் பிசைந்துகொண்டே கேட்பார். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். நாம் பேசி நிறுத்தினால் "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு பயந்து, சொல்ல வராததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர்கள் எங்கள் ஆலையில் ஏராளம்.

மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் நிவேதா. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். "பிரஸ், பாய்லர், கட்டடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுற சொத்து. அதைவிடப் பெரிய சொத்து உங்ககிட்ட கண்ணுக்குத் தெரியாம இருக்கு. உங்க கலவை முறை, டிராயிங், வாங்குறவங்க வச்சிருக்குற நம்பிக்கை, உங்க ஆளுங்க கையில இருக்குற பழக்கம். அதையெல்லாம் முதல்ல தேடி எடுத்து ஒழுங்கு பண்ணணும். அப்புறம்தான் கம்ப்யூட்டர். இல்லன்னா எவ்வளவு நல்ல மெஷின் வந்தாலும் வீண்" என்றாள்.

நல்ல பேச்சு. தேடத் தொடங்கினோம். டிராயிங் இருந்த பீரோவின் சாவி காணாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. உடைத்தால் உள்ளே டிராயிங்கோடு ஒரு கேரம் போர்டும் இருந்தது. கலவைக் குறிப்பில் இருந்த ஒரு பொருளின் பெயர் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அது மூடிப்போன கம்பெனி ஒன்றின் மூட்டைமேல் அச்சடித்திருந்த பெயர் என்று தெரிந்தது. நிவேதாவின் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தது. அப்போதுதான் ரெக்கார்டு ரூமைத் திறந்து என் பதிவேடுகளைக் காட்டினார்கள்.

தரையிலிருந்து கூரை வரைக்கும் பச்சை அட்டை. ஒரு நாள் விடுபடவில்லை. ஒரு அடித்தல் இல்லை. நிவேதா அப்படியே நின்றுவிட்டாள். "பாய், இது பொக்கிஷம்" என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. ஆனால் வாய் என்னவோ "எல்லாம் கடமைதான்மா" என்றது.

அத்தனையையும் ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் படித்துப் படித்துக் கம்ப்யூட்டர் எங்கள் வேலையைக் கற்றுக்கொண்டுவிடும், எந்த பீஸ் எப்போது வெந்திருக்கும் என்று திரையில் அதுவே சொல்லிவிடும் என்றார்கள். பிரஸ்ஸில் எடை, நேரம் என்று பலதுக்கும் சென்சார் மாட்டினார்கள். நீராவியின் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் மட்டும் மாட்டவில்லை. "இவ்வளவு சீரான பாய்லரை நான் பார்த்ததே இல்ல. இதுக்குப் போய் சென்சார் எதுக்கு?" என்று நிவேதாவே அதைப் பட்டியலில் இருந்து அடித்துவிட்டாள். மேடம் என்னைக் கூப்பிட்டு, ஓய்வுக்குப் பிறகும் ஒரு வருஷம் தகவல் காப்பாளர் என்ற பதவியில் இருக்கச் சொன்னார். ஏசி அறையும் உண்டு. நான் சரி என்று தலையாட்டினேன். அதுதான் என் புத்தி.

இப்போது தேசிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாசர்பாடிக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். பெரிய பிரஸ்ஸுக்கு அவன்தான் ஆபரேட்டர். வாய் அதிகம். மேலதிகாரியிடம் பேசக் கூடாததைப் பேசி ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தான். மூன்றாவது மெமோ என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அவன் வேகவைத்த பீஸ் எதுவும் திரும்பி வந்ததில்லை. மீட்டர் கண்ணாடியில் எப்போதும் கரித்தூள் படிந்திருக்கும். அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்க்கிற ஒரே ஆள் அவன்.

அவனுக்கும் எனக்கும் ஷெட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் மேடத்துக்குத் தெரியாது. கேன்டீன் சமையல் கேஸில் நடப்பதாகத்தான் கணக்கு. உண்மையில் பாய்லரிலிருந்து ஒரு குழாய், ஷெட்டின் பின்சுவரை ஒட்டி, கோணி சுற்றிக்கொண்டு, கேன்டீனுக்குப் போகிறது. சூடான சோறு வேண்டும் என்று யூனியன் ஒரு காலத்தில் தகராறு செய்தபோது, அன்றைய மேனேஜர் 'தற்காலிகமாக' போட்டுக் கொடுத்தது. காலை ஒன்பது மணிக்கு கேன்டீன் சுந்தரி அக்கா அண்டாவுக்கு நீராவியைத் திறந்தால், பிரஸ்ஸில் அழுத்தம் விழும். அந்தச் சூட்டுக் குறைவுக்கு தேசிங்கு கூடுதல் நேரம் வைப்பான். லெமன் சாதம் என்றால் கால் மணி நேரம். சாம்பார் சாதம் என்றால் அரை மணி. புதன்கிழமை பிரியாணி, அன்றைக்கு ஐம்பது நிமிஷம். இது எந்த நோட்டிலும் கிடையாது. நோட்டில் என்றைக்கும் நாலரை கிலோ, ஆறு மணி நேரம்.

முதல் சோதனை ஓட்டத்துக்கு ஒரு நாள் குறித்தார்கள். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெரிய பீஸ். வாங்குகிறவர்களின் அதிகாரிகள் இருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். மேடம் அவர்களோடு இருந்தார். அன்று புதன்கிழமை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அக்காவிடம் பிரியாணி இரட்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மணிக்குத் திரை பச்சையாக மின்னியது. திறக்கலாம் என்று அர்த்தம். தேசிங்கு மீட்டரைத் துடைத்துப் பார்த்தான். வேகமாக என்னிடம் வந்தான்.

"பாய், காலையில ரெண்டர கிலோவுக்கு எறங்கி இப்பதான் ஏறிகினு கீது. இன்னிக்கி டபுள் பிரியாணி. இன்னும் ஒண்ணர மணி நேரம் வோணும். இப்ப தொறந்தா உள்ள பச்சையா இர்க்கும்" என்றான்.

"திரை சொல்றத செய்பா" என்றேன்.

"நீயா சொல்ற?"

"அதிகாரிங்க நிக்கிறாங்க. தொற."

அவன் விடவில்லை. திரையின் முன்னால் போய் நின்று, எல்லார் காதிலும் விழ, "இதுக்கு இன்னாத் தெரியும்? இது பிரியாணி துன்னுதா?" என்று கேட்டான். வந்தவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. திறக்கச் சொன்னார்.

திறந்தார்கள். பீஸ் வெளியே வந்து ஒரு நிமிஷம் ஒழுங்காக இருந்தது. பிறகு எங்கள் எல்லார் கண்ணுக்கு முன்னாலும், மெதுவாக, வயிறு உப்ப ஆரம்பித்தது. மூத்த அதிகாரி இரண்டடி பின்னால் போனார். அறுத்துப் பார்த்தால் நடுவில் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. வந்தவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். பிரியாணி மட்டும் அன்று குழையாமல் பதமாக இருந்தது.

கம்ப்யூட்டர் சொன்ன நேரம் சரி. பதிவேட்டில் அன்றைக்கும் நாலரை, என் கையெழுத்தோடு. அப்படியானால் தப்பு எங்கே? ஆபரேட்டர்தான் வால்வைச் சரியாகத் திறக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். அதுவும் முன்கூட்டியே தகராறு செய்த ஆபரேட்டர். தேசிங்குக்கு மூன்றாவது மெமோ வந்தது. ஒரு வாரத்தில் விசாரணை, அதுவரை உள்ளே வரக் கூடாது.

அன்று மாலை கேட்டுக்கு வெளியே அவனிடம், "நீ கேன்டீன் லைனைச் சொல்லிடுப்பா" என்றேன்.

"நா சொன்னா லைனைப் புடுங்கிடுவாங்கோ. இத்தினி பேரு சுடுசோறு போவும். நா மாட்டேன்" என்றான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான். "பிரஷர் கம்மின்னு சொல்ல லைன் இன்னாத்துக்கு பாய்? நோட்டு உன்கையிலதான கீது."

நான் பஸ் ஏறிவிட்டேன். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. தினம் காலையில் சொல்லிவிடுவது என்று கிளம்புவேன். மேடம் அறைக் கதவு வரைக்கும் போவேன். உள்ளே அந்த உருண்டை பிசைபடுவது தெரியும். பாத்ரூம் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். ஏசி அறையும் போய்விடும், முப்பத்து மூன்று வருஷ மானமும் போய்விடும் என்ற கவலைதான். இதில் இன்னொரு கேவலம், அந்த வாரமும் நான் பதிவேட்டில் நாலரை என்றே எழுதிக்கொண்டிருந்தேன். டீ வட்டம் உள்பட.

ஆறாவது நாள் கேன்டீனில் தட்டை நீட்டினேன். சுந்தரி அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், நாளிக்கி காலைல நானே போயி அந்தம்மாகிட்ட சொல்லிடப் போறேன். லைனைப் புடுங்கட்டும், என்னையும் சேத்து அனுப்பட்டும். நம்ம அடுப்புக்காக அந்தாளு வூட்ல அடுப்பு எரியாம இருக்கக் கூடாது" என்றார்.

அந்த அம்மாள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. யாரோ போட்டுக் கொடுத்த குழாயில் சோறு வடித்தார், அவ்வளவுதான். அவருக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லையே என்று கூசிப்போய்விட்டது. சாப்பிடாமல் நேராக மேடம் அறைக்குப் போனேன். இந்தத் தடவை பாத்ரூம் போகவில்லை.

"சோதனை அன்னிக்கு பிரஷர் நாலரை இல்ல மேடம். ரெண்டரைக்கு விழுந்துடுச்சு" என்றேன்.

"அப்புறம்?"

"பதிவேட்டுல நாலரைன்னு எழுதினது நான்தான்."

"அப்புறம்?"

"அன்னிக்கு மட்டும் இல்ல. தினமும் அப்படித்தான். ஏழரை மணிக்கே சாயங்காலம் வரைக்கும் எழுதிடுவேன்."

"அப்புறம்?"

"முப்பத்து மூணு வருஷமா."

உருண்டை நின்றுவிட்டது. அந்த இரண்டரை வருஷத்தில் அது நின்று நான் பார்த்தது அன்றுதான். அடுத்த "அப்புறம்?" வருவதற்குள் கேன்டீன் குழாய், கோணி, பிரியாணி, இரண்டு பேனா, டீ வட்டம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம் நிவேதாவைக் கூப்பிட்டு, என்னை இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

நிவேதா தலையில் கைவைத்துக்கொண்டாள். "புயல் வந்து ஊருக்கே ஒரு வாரம் கரண்ட் இல்லாதப்பகூட நாலரை இருந்துச்சு. நான் ஜெனரேட்டர்ல ஓடியிருக்கும்னு நினைச்சேன் பாய்" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். மேடம் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

மூவரும் கேன்டீனுக்குப் போனோம். மேடம் கோணியைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். சுந்தரி அக்கா உள்ளே போய், மளிகை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். சோறு லேட் என்று யூனியன்காரர்கள் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக அவர் தினமும் எழுதி வைப்பது. என்ன சமையல், எத்தனை அண்டா, எத்தனை மணிக்கு ஸ்டீம் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது. மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, நிறைய அடித்தல் திருத்தல். எங்கள் ஆலையில் உண்மை எழுதியிருந்த ஒரே பதிவேடு அதுதான்.

நிவேதா அதைக் கட்டிக்கொண்டு ஓடினாள். மறுநாள் விசாரணைக்கு ஒரு தாளோடு வந்தாள். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய பீஸ்கள் செய்த தேதிகளையும், அக்காவின் மெனுவையும், டைம் ஆபீஸ் வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். திரும்பி வந்தவை அநேகமாக எல்லாமே புதன்கிழமையில் வெந்தவை. அதுவும் தேசிங்கு லீவில் இருந்த புதன்கிழமைகளில்.

மேடம் அந்தத் தாளைப் படித்து முடித்தார். "கண்ணுக்குத் தெரியாத சொத்துன்னு ஆறு மாசமா பீரோவை உடைச்சுத் தேடினோம். அதை கேட்டுக்கு வெளியே நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார். பிறகு மெமோவைத் தேசிங்கின் முன்னாலேயே கிழித்தார். கேன்டீன் குழாயை எடுக்கச் சொல்லவில்லை. முறைப்படி மாற்றி, அதற்கும் பிரஸ்ஸுக்கும் தனித்தனியாக அழுத்தச் சென்சார் வைக்கச் சொன்னார். இன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் காலையில் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் 'இன்றைய சமையல்'. அக்காதான் நிரப்புகிறார். தேசிங்கு நிமிஷக் கணக்கையெல்லாம் சொல்லச் சொல்ல நிவேதா எழுதிக்கொண்டாள்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்தேன். உதறினான்.

"பீஸு உப்புறப்பவே உனக்குத் தெரியும்ல பாய்?"

"தெரியும்."

"ஏழு நாளு எம்பொண்டாட்டி ஒரு வாய் சோறு துன்னல. நீ அந்த நோட்டை வச்சிகினு குந்தினு இருந்த."

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு ஷெட்டில் என்னைக் கண்டால் பிரஸ்ஸின் அந்தப் பக்கம் போய்விடுவான். நியாயம்தான். ஆனாலும் வலித்தது.

ஏசி அறையில் இப்போது அக்காவின் நோட்டுகள் இருக்கின்றன. எனக்கு மேடம் வேறு வேலை கொடுத்தார். பெரிய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். 'நம்பத்தக்கதல்ல' என்று எழுத்து. முப்பத்து மூன்று வருஷப் பதிவேட்டிலும் பக்கத்துக்குப் பக்கம் அதைக் குத்தி, பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்களேதானே எழுதினீங்க, நீங்களே முடிச்சு வச்சிட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கு அதுதான் வேலை. குத்துவேன், கையெழுத்திடுவேன், புரட்டுவேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. நடுநடுவே நான் வரைந்த டீ வட்டங்கள் வரும். அதன் மேலேயும் குத்துவேன்.

கடைசி வாரத்தில் இன்னும் நாலு அலமாரி பாக்கி இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ரெக்கார்டு ரூம் கதவு திறந்தது. தேசிங்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டான், என் கையிலிருந்து ஸ்டாம்பை வாங்கிக்கொண்டான். அவன் குத்த, நான் கையெழுத்துப் போட, பக்கம் புரண்டது. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். அத்தனை பக்கத்துக்கும் ஒரு வார்த்தை இல்லை.

என் கடைசி நாளன்று, ஒரு பழைய பதிவேட்டில் ஸ்டாம்பை ஓங்கியவன் அப்படியே நிறுத்தினான். பக்கத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"பாய், இந்தத் தேதில இன்னா நடந்துச்சு தெரிதா?"

"தெரியலையேப்பா."

"எனக்குக் கண்ணாலம். ராயபுரத்துல தாலி கட்டிகினு இருந்தேன். இங்க பாரு, ஒம்போது மணிக்கு நா பெரிய பிரஸ்ஸாண்ட நின்னுகினு கீறேன். நாலு புள்ளி ஆறு." விரலைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினான். "அதை நீ மீட்டர்ல பாத்து எழுதி கையெழுத்துப் போட்டுகிற. நீ எங்க இருந்த? மொத பந்தில, என் மச்சான் பக்கத்துல குந்திகினு, ரெண்டாவது வாட்டி ஜாங்கிரி கேட்டுகினு இருந்த."

முதல் நாளே எழுதி வைத்துவிட்டு லீவு போட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனுக்குத் தோள் குலுங்கியது. பிறகு ஸ்டூலிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அது சிரிப்பில் வந்ததுதானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் ஸ்டாம்பை மையில் தோய்த்து, அந்தப் பக்கத்தில் இரண்டு தடவை அழுத்திக் குத்தினான். பதிவேட்டை என் பக்கம் தள்ளினான்.

"போடு பாய் கையெழுத்து. இப்பனாச்சும் பாத்துப் போடு."